பாலத்தம்மன்

சடையாண்டிக்கு அன்று விடிந்ததிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஆற்றைத் தாண்டி மடத்துக்கு வந்து, முற்றத்தைக் கூட்டி, குடத்தை நிரப்பி வைத்தும் எரிச்சல் அடங்கவில்லை.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், உமையாள் என்று ஒரு துறவி. அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சடையாண்டியோ பேரப்பிள்ளை எடுக்கப்போகிற ஆள். தலை நரைத்த மனுசன் சின்னப் பொம்பளையிடம் போய் ஞானம் கேட்கிறாராம் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மனைவி பொன்னழகு செத்த பிறகு ஆற்றங்கரையே கதி என்று கிடந்தவருக்கு ஆறுதல் சொல்லாத ஆளில்லை. இந்த அம்மா ஒருவர்தான் ஒன்றும் சொல்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றே சடையாண்டி அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வந்து அம்மா முன்னால் நின்றார்.

“ஒண்ணு கேக்கணும்மா.”

“கேளுங்கய்யா.”

“நம்மளை ஆளுறவங்க நமக்கு ஏம்மா பதிலே சொல்றதில்ல?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“இன்னைக்கு யாரும் வர்றாங்களா?”

அமைச்சர் வருகிறார் என்றார் சடையாண்டி. மதியம் அக்கரையில் தங்கள் ஊரான ஊத்துக்கொம்பைக்கு வருகிறார், ஓட்டுக் கேட்க. ஆற்றுக்குப் பாலம் கட்டித் தருகிறேன் என்று அடிக்கல் நாட்டிவிட்டுப் போனாரே, அதே ஆள். அப்போது ஒரு கட்சியில் அமைச்சர், இப்போது இன்னொரு கட்சியில் அமைச்சர். கொடி மாறிவிட்டது, கார் மாறிவிட்டது, ஆற்றில் மட்டும் ஒரு தூண்கூட எழும்பவில்லை. இன்றைக்கு அவரை நடுவழியில் நிறுத்தி, நாலு பேர் பார்க்கக் கேட்டே விடுவது என்று சடையாண்டி முடிவு கட்டியிருந்தார்.

“அந்தக் கல்லு இன்னும் இருக்கா?”

“இருக்கும்மா. நல்லா இருக்கு.”

“வாங்க. பாத்துட்டு வருவோம்.”

அம்மா அக்கரைக்கு வருவது அபூர்வம். சடையாண்டி வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். புரட்டாசி முடியப்போகிறது. மேலே மலையில் மழை பிடித்துவிட்டால் இதே ஆறு பாறையை உருட்டிக்கொண்டு வரும். அப்புறம் மழைக்காலம் முடிகிறவரை ஊத்துக்கொம்பைக்காரர்களுக்கு வெளியுலகம் கிடையாது. போன ஐப்பசியில் பொன்னழகுக்குக் காய்ச்சல் முற்றி, தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தபோது ஆறு இருகரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஆம்புலன்ஸ் உச்சி விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் வடியட்டும் என்று அவர்கள் அங்கே, இவர்கள் இங்கே. பொன்னழகு அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியேதான் போய்ச்சேர்ந்தாள். ஆம்புலன்ஸ் வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது.

இந்த ஐப்பசியில் மகள் கௌசல்யாவுக்குப் பிரசவம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று வந்தவள். மழைக்கு முன்னால் டவுனில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்விடு தாயி என்று சடையாண்டி கெஞ்சாத நாளில்லை. பெத்த அம்மா புழங்கின வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக இப்போதுதான் சம்மதித்திருந்தாள். அமைச்சர் வருகிறதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்புவதாகப் பேச்சு. துணிப்பை கட்டி வாசலருகே வைத்தாகிவிட்டது. இவ்வளவையும் ஆற்றைக் கடக்கும்போதே அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மேடேறியதும் அம்மா நின்றுவிட்டார்.

தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிமெண்டு மேடை. மேடைமேல் கல். கல்லுக்கு மஞ்சள் அப்பி, வெள்ளிக் கண்மலர் பதித்து, சிவப்புப் பட்டுப் பாவாடை சுற்றி, எலுமிச்சை மாலை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சூலம். சூலம் முழுக்கச் சுருட்டிக் கட்டிய காகிதங்கள்.

“இது யாருய்யா?”

“பாலத்தம்மன்மா.”

சொல்லும்போதே சடையாண்டிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் யாரும் திட்டம்போட்டுச் செய்த காரியமில்லை அது. அடிக்கல் நாட்டிய அன்று வழக்கம்போல மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். அமைச்சர் காரேறிப் போய்விட்டார். மஞ்சள் பூசிய கல் மட்டும் தனியாக நின்றது. மஞ்சள் பூசிய கல்லை அம்போவென்று விட்டுவிட நம் ஜனங்களுக்கு மனசு வருமா? அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ விளக்கு வைத்தார்கள். ஆடியில் கூழ் ஊற்றினார்கள். வெள்ளத்தில் சிக்கிப் பிழைத்து வந்த ஒருவன், ஆத்தாதான் கைதூக்கி விட்டாள் என்று சேவல் அறுத்தான். பிழைக்காதவர்கள் வந்து மறுத்துப் பேசவா போகிறார்கள். முன்பெல்லாம் மனு எழுதினால் கலெக்டர் ஆபீசுக்கு அலைவார்கள். இப்போது சூலத்திலேயே கட்டிவிடுகிறார்கள், அலைச்சல் மிச்சம்.

“கூரை யாரு போட்டது?”

சடையாண்டி தரையைப் பார்த்தார்.

“நாந்தாம்மா. பொன்னழகு பேர்ல.”

அம்மா மேடைமேல் ஏறினார். மாலையை எடுத்தார். பாவாடையை அவிழ்த்து, பதவிசாக மடித்து ஓரமாக வைத்தார். கண்மலரைக் கழற்றி அதன்மேல் வைத்தார். அங்கே கிடந்த செம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்து, உடைத்த தேங்காயின் நாரை எடுத்துக் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தார். சடையாண்டிக்குத் தடுக்கவும் கை வரவில்லை, கூடத் தேய்க்கவும் கை வரவில்லை. வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு வழித்துக்கொண்டு வந்தது. அதற்கடியில் எழுத்து தெரிந்தது.

“படிங்கய்யா.”

சடையாண்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்த ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் பணிக்கு அடிக்கல் நாட்டியவர் என்று போட்டு, மாண்புமிகு என்று போட்டு, கீழே பேர் இருந்தது. மதியம் வரப்போகிறவரின் பேர். கல் நட்ட அன்று பார்த்ததுதான். அதற்குப் பிறகு அந்தப் பேரை ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

“இதக் காட்டித்தாம்மா கேக்கப்போறேன். கல்லு நட்டீங்களே, பாலம் எங்கன்னு.”

“கேளுங்க.”

அதற்குள் தண்ணீருக்கு வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஊர் திரண்டு வந்தது. ஊர்த்தலைவர் மொக்கராசு துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். ஆத்தா முகத்தைச் சுரண்டிவிட்டார்களே, மழைக்காலம் வேறு வருகிறது, ஊருக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்று பெண்கள் வாயிலடித்துக்கொண்டு அழுதார்கள். யார் பொறுப்பு என்ற வார்த்தையை அந்த ஊரில் சடையாண்டி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். அதுவும் ஒரு துறவியைப் பார்த்து.

மடத்து அம்மா என்பதால் சும்மா விடுகிறேன் என்றார் மொக்கராசு. அம்மா மேடையை விட்டு இறங்கி, ஓரமாகப் போய் நின்றுகொண்டார். குடம் குடமாகப் பால் வந்தது. மஞ்சளை அரைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பேர் மறைந்தது, தேதி மறைந்தது, கண்மலர் பழைய இடத்தில் ஏறியது.

“சும்மா விட்டுட்டீங்களேம்மா,” என்றார் சடையாண்டி.

“நீங்க படிச்சிட்டீங்கல்ல?”

“படிச்சேன்.”

“அப்ப கேக்கறதுக்கு ஊர்ல ஒரு ஆளு இருக்கு.”

அந்தச் சொல் அவருக்குத் தெம்பாக இருந்தது. கேள்வியைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மதியம் கார்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தன. பாலம் இல்லாததால் அமைச்சருக்கு ஒரு சிரமமும் இல்லை. எந்த மாதம் வரவேண்டும் என்று தெரிந்த மனிதர். மொக்கராசு மாலை போட்டு, ஆரத்தி எடுக்கச் சொல்லி, நேராகக் கல்லுக்கு அழைத்து வந்தார். அமைச்சருக்குக் கல் அடையாளம் தெரிகிறதா என்று சடையாண்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை. என்ன சாமி இது என்று விசாரித்தார். பாலத்தம்மன் என்றார்கள். பாலம் வேண்டிக் கும்பிடுகிறோம் என்றார்கள்.

அமைச்சர் செருப்பைக் கழற்றினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மேடையேறி, தன் பேர் இருந்த இடத்திலேயே நெற்றி படக் குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று தள்ளிவிட முடியாது, உண்மையிலேயே உருகித்தான் போயிருந்தார்.

“நானும் வேண்டிக்கிட்டேன்,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “ஆத்தா மனசு வெச்சா சீக்கிரமே பாலம் வரும்.”

பெண்கள் குலவை போட்டார்கள்.

அவர் இறங்கி வருகிற வழியில் சடையாண்டி நின்றார். பின்னால் அம்மா நிற்கிறார் என்பதும் தெரியும். அமைச்சர் நெருங்கி வந்தார். சந்தன வாசனை வந்தது. சடையாண்டியின் கைகள் இரண்டும், அவர் ஒன்றும் நினைக்காமலே, ஒன்றுசேர்ந்து நெஞ்சுக்கு ஏறின. இடுப்பு வளைந்தது.

“ஐயாதான் பாத்துச் செய்யணும்,” என்று யாரோ சொல்வது கேட்டது. அது தன் குரல் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அமைச்சர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். கையிலிருந்த குங்குமத்தை அவர் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். கார்கள் போய்ப் புழுதி அடங்கியபின்னும் சடையாண்டி நின்ற இடத்திலேயே நின்றார். செத்துப்போகலாம்போல இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்க்க முகமில்லாமல் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் துணிப்பை பிரிந்து கிடந்தது. கௌசல்யா சேலைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு.

“நான் போகலப்பா,” என்றாள். “மந்திரியே விழுந்து கும்பிட்டுட்டாரு. இனி ஆத்தா பாத்துக்குவா.”

சடையாண்டி கெஞ்சினார், திட்டினார். உன் அம்மாவை எந்த ஆத்தா பார்த்தாள் என்றுகூடக் கேட்டுவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மா சரியாக வேண்டிக்கொள்ளாமல் இருந்திருப்பாள் என்றாள். வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். பொன்னழகு போனபிறகு மகளின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவருக்குப் பயம் கூடியது.

அவர் ஆற்றுக்கு ஓடினார். அம்மா கரையில் புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப்போகும் சமயம். மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் கலங்கலாக ஓடியது.

“அவ வரமாட்டேங்கிறாம்மா.”

அம்மா திரும்பினார்.

“வாயத் தெறந்து கேக்க வந்தேன். சாமியக் கும்பிடுற மாதிரி கும்பிட்டுட்டு வந்துட்டேன்.”

“பாத்தேன்.”

“நாளைக்கு எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டம்மா போயி நிப்பேன்? யாரும்மா பதில் சொல்வா?”

அம்மா கிட்டே வந்தார். முந்தானையை ஆற்றில் நனைத்து, அவர் நெற்றியிலிருந்த குங்குமத்தை அழுந்தத் துடைத்தார்.

“சாமி என்னைக்குய்யா பதில் சொல்லியிருக்கு?”