மூடாத மஞ்சள்

சிலருக்கு மூளை இருக்கும், உபயோகிக்கத் தெரியாது. சிலருக்கு உபயோகிக்க ஆசை இருக்கும், மூளைதான் இருக்காது. கொழிஞ்சிப்பாளையத்து ஞானக்கடல் சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டாவது ரகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி நாச்சிமுத்து, இன்ஜினியர் சாமியப்பன், இன்னொரு இன்ஜினியர் திலகா. மூவருமே கடுமையான உழைப்பாளிகள். அதுதான் ஆபத்து.

அதே ஊரில் பழனாத்தா அம்மா ஹேச்சரி வைத்திருந்தார். மெஷினில் முட்டையை அடுக்கி, முப்பத்தேழரை டிகிரி சூட்டில் இருபத்தொரு நாள் வைத்துக் குஞ்சு பொரிக்கிற தொழில். அந்தச் சூட்டைக் கம்ப்யூட்டரில் காட்டும் புரோகிராமை எழுதியவர்கள் நம்மவர்கள். படம் கிடையாது, பட்டன் கிடையாது. கமாண்டை அடித்தால் கறுப்புத் திரையில் நிமிஷத்துக்கு ஒரு வரி வெள்ளை எழுத்தாக ஓடும்.

போன தடவை சூடு குறைந்தபோது அந்த வரியும் மற்ற வரிகளைப் போல வெள்ளையாகவே வந்தது. யார் கண்ணிலும் படவில்லை. மெஷினில் இருந்த முட்டை அத்தனையும் வீணாகிவிட்டது.

"இந்தப் பன்னெண்டாயிரம் முட்டையும் போச்சுன்னா ஹேச்சரிய இழுத்து மூட வேண்டியதுதான் சாமி" என்றார் பழனாத்தா அம்மா, மூவரையும் ஹேச்சரிக்கே வரவழைத்து. "எழுத்துக்குக் கலர் குடுங்க. சூடு சரியா இருந்தா பச்சை, கொஞ்சம் ஆட்டம் கண்டா மஞ்சள், குறைஞ்சா சிவப்பு. நாளைக்குப் பொரிக்குது. நான் மக வளைகாப்புக்குப் போயிட்டுக் காலைல வந்தர்றேன்."

"எந்தப் பச்சைங்க?" என்று கேட்டான் சாமியப்பன். கையில் பெயிண்ட் கடை அட்டை இருந்தது. "கிளிப்பச்சையா, கொத்தமல்லிப் பச்சையா?"

"கண்ணுக்குத் தெரியற பச்சையாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா காரில் ஏறினார்.

மூவரும் யோசனையில் ஆழ்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பச்சையும் இருக்கிறதா? சாமியப்பன் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"ஏனுங்க, இதுல ஒரு பச்சைகூடத் தெரியலீங்க" என்றான்.

"பச்சை கஷ்டம். முதல்ல சிவப்பப் போடுவோம்" என்று தீர்ப்புச் சொன்னார் நாச்சிமுத்து.

எழுத்துக்கு முன்னால் ஒரு குறியீட்டைப் போட்டால் நிறம் வரும் என்று புத்தகத்தில் இருந்தது. எழுத்து முடிந்ததும் வெள்ளைக்குத் திரும்ப 'சாதா நிறம்' என்று இன்னொரு குறியீடு போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் அதே நிறத்தில் வரும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. நிறந்தான் வந்துவிட்டதே, அடுத்த பக்கம் எதற்கு?

சோதனைக்கு ஒரு வரியைச் சிவப்பாக்கினார்கள். அந்த வரி சிவந்தது. அடுத்த வரியும் சிவந்தது. திரை அடிவரைக்கும் சிவந்தது.

"ஒழுகுதுங்க" என்றாள் திலகா.

"கம்ப்யூட்டரத் தலைகீழா நிறுத்து. எப்படி ஒழுகுதுன்னு பாத்தர்றேன்" என்றார் நாச்சிமுத்து.

நிறுத்தினார்கள். இப்போது புது வரிகள் ஒவ்வொன்றும் முந்தினதற்கு மேலே வந்தன, எல்லாம் சிவப்பாகவே.

"அண்ணா, மேல ஏறுதுங்க!" என்று அலறினான் சாமியப்பன்.

"ஈரம் காயல. அதான். டேபிள் ஃபேனக் கொண்டா."

ஃபேன் வந்தது. சொருக இடமில்லை. சுவரில் இருந்த ஒரே பாயிண்டில் ஏதோ ஒரு தடித்த பிளக் இருந்தது. அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு ஃபேனைச் சொருகினான் சாமியப்பன். காற்று வேகத்தில் புத்தகத்தின் தாள் தானாகவே புரண்டது. திலகா அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டாள். அவர்கள் கம்பெனி சரித்திரத்திலேயே அது முதல் தடவை.

"சிவப்ப மூடோணுமாம்!" சிவப்பை மூடினாள். பச்சையைப் போட்டு மூடினாள். மஞ்சளைப் போட்டாள்.

அதற்குள் டீ வந்துவிட்டது.

டீ குடித்துக்கொண்டே பார்த்தார்கள். பச்சை வரிகள் ஓடின. பிறகு மஞ்சள். கை தட்டினார்கள். பிறகு சிவப்பு, மேலும் சிவப்பு. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, சிவப்பு அமோகமா வருதுங்க! வரிக்கு வரி சிவப்புங்க!"

வளைகாப்பு வீட்டில் அம்மாவின் கையிலிருந்த சந்தனக் கிண்ணம் கீழே விழுந்தது. "அட பாவிகளா! ஹீட்டரு பிளக்கப் பாருங்கடா!"

பார்த்தார்கள். தடித்த பிளக் ஓரமாகப் பத்திரமாக இருந்தது. சொருகினார்கள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. "இவ்வளவு நல்ல சிவப்பக் கெடுத்துப்போட்டமே" என்று சாமியப்பனுக்கு வருத்தம்.

மறுநாள் காலை பழனாத்தா அம்மா வந்து இறங்கியபோது மூவரும் வாசலில் தலை குனிந்து நின்றார்கள். திலகா தேம்பிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க அம்மா" என்றார் நாச்சிமுத்து. "பன்னெண்டாயிரமும் போச்சுங்க."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். உள்ளே கீச் கீச்சென்று காது அடைத்தது. தட்டுத் தட்டாகக் குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கொழுகொழுவென்று. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"நாங்களும் இப்படித்தானுங்க அழுதோம்" என்றாள் திலகா. "மஞ்சள மட்டும் நான் மூடலீங்க. திரையில தேடிப் பாத்தோம், ஒரு பொட்டு மஞ்சள் இல்ல. ஒயரு வழியா முட்டைக்குள்ள எறங்கிருச்சுங்க. ஒண்ணு விடாம அத்தனையும் மஞ்சளுங்க!"

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்தார், பிறகு சிரிப்பில் மறுபடி அழுதார். நொந்துபோய்த்தான் அம்மா இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்த நாச்சிமுத்து, அன்றே 'சாதா நிறம்' குறியீட்டைப் பன்னிரண்டாயிரம் தடவை ஓட விட்டார்.

ஒரு பலனும் இல்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. பிறகு, குஞ்சுகளை விட்டிருந்த அம்மாவின் கோழிப் பண்ணையில் அங்கங்கே ஒரு வெள்ளை இறகு முளைத்தது. இரண்டாவது மாசம் பார்த்தால் அத்தனையும் பால் வெள்ளை.

"வேலை செஞ்சுருச்சு!" என்று துள்ளினான் சாமியப்பன். "பன்னெண்டாயிரம் கோழியாச்சே, கொஞ்சம் ஸ்லோவாத்தான் ஓடும்."

திலகா மட்டும் ஒரு கோழியைத் தூக்கி உற்றுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"ஏனுங்க, தலைல பாருங்க. கொண்டை சிவப்பு!"

சிவப்பு என்றால் சூடு குறைவு. அம்மா வாயால் சொன்னது.

அன்று சாயங்காலமே மூவரும் ஜவுளிக்கடைக்குப் போய், கோழித் தலை அளவுக்குப் பன்னிரண்டாயிரம் கம்பளிக் குல்லாய் வேண்டும் என்று கேட்டார்கள். வியாபாரம் வியாபாரந்தானே, கடைக்காரர் "என்ன கலருங்க வேணும்?" என்றார்.

நாச்சிமுத்து கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"பச்சைங்க. கண்ணுக்குத் தெரியற பச்சை."