இடது ஓரத்து வெளிமான்

கீழக்காட்டுக்கும் மேலக்காட்டுக்கும் நடுவில் அல்லிக்குளம் இருந்தது. கோடையில் இரண்டு காட்டுக்கும் அந்த ஒரு குளம்தான். யார் முதலில் குடிப்பது என்று ஆண்டுதோறும் அடிதடி. கடைசியில் விலங்குகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. பங்குனியில் ஒரு பந்தாட்டம். ஜெயித்த காடு விடியலில் குடிக்கும். தோற்ற காட்டுக்கு மிஞ்சிய சேறு. ஆடுகளத்தில் பல்லும் நகமும் கூடாது.

கீழக்காட்டு அணியில் இடது ஓரத்தில் ஓடியது சிலம்பன் என்ற வெளிமான். எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு அது பறந்தால், பின்னால் புழுதிதான் தெரியும். ஓரத்திலிருந்து சிலம்பன் பந்தைத் தூக்கிக் கொடுக்கும். அணித் தலைவன் இருளாண்டி என்ற காட்டுப்பன்றி, அதைத் தலையால் முட்டிக் கோலுக்குள் தள்ளும். தொடர்ந்து இரண்டு ஆண்டு கீழக்காடே ஜெயித்தது.

ஒருநாள் கூர்வாயன் என்ற கீரி சிலம்பனைத் தேடி வந்தது. ஆட்டக்காரர்களைக் காடு விட்டுக் காடு சேர்த்து விடுவதுதான் அதன் பிழைப்பு.

"நுரை தள்ள ஓடுவது நீ! மாலை விழுவது பன்றியின் கழுத்தில்!" என்றது கீரி.

"இருளாண்டி அண்ணன் போட்டால் நான் போட்ட மாதிரிதானே?"

"அடப் பைத்தியமே! மேலக்காட்டுக்கு வா. முழங்கால் உயரப் புல், உனக்கென்று தனி நிழல்! ஒன்றை மட்டும் மறக்காதே. பந்து உன் காலுக்கு வந்தால் யாருக்கும் கொடுக்காதே. நீயே அடி!"

சிலம்பனுக்கு அந்தப் பேச்சு தேனாக இனித்தது. இருளாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலக்காட்டுக்குப் போய்விட்டது.

அங்கே அணித் தலைவன் கொள்ளிக்கண்ணன் என்ற சிறுத்தை. பக்கத்துக் காடுகளோடு நடந்த முதல் மூன்று ஆட்டங்களில் சிலம்பன் ஐந்து கோல் போட்டது. குரங்குகள் கிளைகளை உலுக்கிப் பூவாகக் கொட்டின. சிலம்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது ஆட்டத்தில் எதிரிகள் விழித்துக்கொண்டன. இந்த மான் யாருக்கும் பந்தைக் கொடுக்காது என்று தெரிந்துவிட்டது. மூன்று விலங்குகள் சேர்ந்து வழியை மறித்தன. அப்போதும் சிலம்பன் கொடுக்கவில்லை. முட்டி மோதிப் பந்தைப் பறிகொடுத்தது. சொந்த அணியே அதற்குப் பந்து தருவதை நிறுத்தியது. ஒருநாள் மாலை, தனியாக நுழையப் பார்த்துப் பாறையில் இடறி விழுந்தது. பின்னங்கால் சுளுக்கிக்கொண்டது.

கொள்ளிக்கண்ணன் மெல்ல நடந்து வந்தது. சிலம்பனின் காலை முகர்ந்து பார்த்தது.

"நாளை மாலைக்குள் ஓடிக் காட்டு," என்றது. "ஓடினால் நீ ஆட்டக்காரன். ஓடாவிட்டால் வெறும் மான்! நொண்டி மானைச் சிறுத்தை என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை."

சிலம்பன் நொண்டிக்கொண்டே எழுந்தது. கீரியைத் தேடிப் போனது. "எனக்கு ஏகப்பட்ட வேலை கிடக்கிறது!" என்று கூர்வாயன் புற்றுக்குள் நுழைந்துகொண்டது.

மறுநாள் நண்பகலில் சிறுத்தை கண் அசந்தது. சிலம்பன் மூன்று காலால் தத்தித் தத்தி, கோரைப்புல்லில் ஒளிந்து ஒளிந்து கீழக்காடு வந்து சேர்ந்தது.

இருளாண்டி அதை மேலும் கீழும் பார்த்தது. "போகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றது. "இடது ஓரம் இப்போது தும்பைக்கு. நீ வெளியே உட்கார். தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்."

தும்பை ஒரு முயல். நன்றாகவே ஓடியது. அது தடுக்கி விழாதா என்று சிலம்பன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பார்ப்பதை நினைத்து வெட்கமும் பட்டது. கால் ஆறியது. ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை.

பங்குனி வந்தது. குளம் பாதியாக வற்றியிருந்தது. கீழக்காடும் மேலக்காடும் மோதின. ஆளுக்கு ஒரு கோல். பொழுது சாயும் நேரத்தில், வலது ஓரத்து நரி காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தது.

"சிலம்பா, இறங்கு!" என்று கத்தியது இருளாண்டி. "தும்பை வலப்பக்கம் போகட்டும். இடதை நீ பார்!"

"ஓடிப்போனவன் எதற்கு?" என்று கூட்டம் கூச்சல் போட்டது.

பந்து வந்தது. சிலம்பன் பழைய நினைப்பில் பாய்ந்தது. மூன்றே எட்டில் கொள்ளிக்கண்ணன் எட்டிப் பிடித்துப் பந்தைத் தட்டிச் சென்றது. போகும்போது காதோரம் உறுமியது: "தோற்ற காட்டு மான், சேற்றில் இறங்கித்தானே குடிக்க வேண்டும்? அங்கே வந்து உன்னைப் பார்க்கிறேன்!"

சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. மயில் அகவினால் ஆட்டம் முடிந்தது என்று கணக்கு.

மறுபடி பந்து வந்தது. சிலம்பன் ஓடியது. சிறுத்தையின் மூச்சு தோளில் சுட்டது. இனி ஓடிப் பயனில்லை என்று அதற்குத் தெரிந்தது.

சட்டென்று நின்றது!

பாய்ந்து வந்த சிறுத்தையால் நிற்க முடியவில்லை. புழுதியில் சறுக்கிக் கோட்டைத் தாண்டிப் போனது. சிலம்பனுக்கு எதிரே கோலைக் காக்கும் கரடி மட்டும்!

"நீயே அடி!" என்று வேலிப் புதரிலிருந்து ஒரு குரல். கூர்வாயன்தான்!

அடித்தால் எல்லாப் பழியும் கழுவிப் போகும். தன் இடமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் கரடி இந்தப் பக்கமே நகர்ந்து வந்தது. அந்தப் பக்கம், ஆளில்லாத வெளியில், காதை உயர்த்திக்கொண்டு தும்பை நின்றது. தன் இடத்தை எடுத்துக்கொண்ட அதே தும்பை.

"அண்ணே! இங்கே!"

பின்னால் சிறுத்தை எழுந்துவிட்டது. சிலம்பன் பந்தைத் தூக்கிக் கொடுத்தது. கரடி எகிறியது, எட்டவில்லை. தும்பை மார்பால் தள்ளிக் கோலுக்குள் போட்டது. மயில் அகவியது!

கீழக்காடே தும்பையைத் தூக்கிக்கொண்டு ஆடியது. சிலம்பன் பக்கம் யாரும் வரவில்லை.

மறுநாள் விடியலில் கீழக்காட்டுக் கூட்டம் குளத்தில் இறங்கியது. மேலக்காட்டார் தொலைவில் முறைக்காகக் காத்திருந்தார்கள். இருளாண்டி சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் சிலம்பனுக்கு இடம் விட்டது.

"நீயே அடித்திருக்கலாமே?" என்றது.

"அடித்திருப்பேன் அண்ணே. கரடி பிடித்திருக்கும்!"

இருளாண்டி சிரித்துவிட்டது. இரண்டும் குனிந்து வயிறு நிறையக் குடித்தன.

காலால் வந்த புகழ் காலோடு போய்விடும். கூட நிற்பவரை நம்பிக் கொடுத்தது ஒருநாளும் வீண்போகாது.