துத்திச் செடியின் வேரடி மண்

தோல் ஆலை மூடிப்போன பிறகு அந்த நிலத்தை யாரும் சீந்தவில்லை. மண் முழுக்க உலோக விஷம். ஆசிரமம்தான் அதை வாங்கிக் கடுகு விதைத்திருந்தது. சாப்பிட அல்ல, மண்ணிலுள்ள விஷத்தை வேர் வழியாக உறிஞ்சி எடுக்க.

தோட்டப் பொறுப்பு ஏகாம்பரத்துக்கு. குரு நாச்சியாரம்மாவைவிட வயதில் மூத்த சீடர். அன்று காலை மண்வெட்டியைத் தொடாமல் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, என் தம்பி குடிச்சுக் குடிச்சு ரத்தமா வாந்தி எடுக்கிறானாம். நல்ல மனுஷங்க யாரையாவது அனுப்பிப் பேசச் சொல்லுங்க."

"நீங்க போகலையா?"

"நானே குடிச்சிட்டுத் தெருவுல விழுந்து கிடந்தவன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் புத்தி சொல்றது?"

குரு எழுந்து கடுகு நிலத்துக்கு நடந்தார். பின்னால் போன ஏகாம்பரத்துக்கு எரிச்சலாக வந்தது. அங்கே தம்பி உயிர் ஊசலாடுகிறது, இவருக்குக் கடுகு!

நிலத்தில் இரண்டு பாத்திகள். ஒன்று ஏகாம்பரம் போட்டது. பூஜைக்குப் பூப்பறிக்கும் தோட்டத்திலிருந்து நுண்ணுயிர் நிறைந்த நல்ல மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கலந்திருந்தார். மற்றது குரு போட்டது. ஆலைக் கழிவு வாய்க்கால் ஓரம் நோஞ்சானாக நின்ற துத்திச் செடியின் வேரடி மண்தான் அதற்கு. 'விஷத்துக்கு விஷமா?' என்று அன்றைக்கு ஏகாம்பரம் வாய்விட்டே சிரித்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அவருடைய கடுகு இலை பழுத்துத் தலை தொங்கிக் கிடந்தது. குருவின் கடுகோ இடுப்புயரம் வளர்ந்து பூத்திருந்தது. தேனீக்கள் வேறு. இத்தனை கவலையிலும் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு குளிர்ந்தது.

"என் மண்ணுலயும்தானேம்மா அத்தனை உயிர் இருந்துச்சு?"

"இருந்துச்சு. நல்ல இடத்துல வளர்ந்த உயிருங்க. இங்க தாக்குப்பிடிக்கல."

"துத்தி மண்ணுல இருந்ததுங்க?"

"இந்த விஷத்துலயே கிடந்து பிழைச்சதுங்க. கடுகு வேரைச் சுத்தி நின்னு அதையும் பிழைக்க வைக்குதுங்க. வேருக்குத் தெம்பு வந்துட்டா, விஷத்தை அது இழுத்துக்கும்."

ஏகாம்பரம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிகிட்ட நம்ம சிவஞானத்தை அனுப்பட்டுமா?" என்றார் குரு. "பரம சாது. சாராய வாசனைகூட அறியாதவர்."

ஏகாம்பரம் கைமண்ணை உதறினார். தம்பியின் ஊருக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார்.