குரைத்த வரையாடு

மேகங்கள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மலைக்காட்டில், குழந்தைகளே, மொட்டைத்தலைப் பாறை என்று ஒரு பாறை இருந்தது. பெயருக்கு ஏற்றபடி ஒரு புல்கூட முளைக்காத செங்குத்துப் பாறை. உச்சியில் மட்டும் ஓர் அத்திமரம் பழுத்துக்கொண்டே நிற்கும். பாறையின் நடுவில் மூக்கு மாதிரி ஒரு பகுதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த மூக்கைத் தாண்டிவிட்டால் பழம் வாயில். தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை.

பாறை ஏறுகிற கூட்டம் சின்னதுதான். பிடிமுத்து என்கிற உடும்பு இடுப்பில் ஒரு காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு முதலில் ஏறுவான். உச்சியில் ஒரு வெடிப்புக்குள் உடம்பை நுழைத்து, மூச்சை இழுத்து உப்பிக்கொள்வான். அப்புறம் அவனை யாராலும் அசைக்க முடியாது. கொடியின் கீழ்நுனி ஆமையாரின் வயிற்றுக்கு அடியில் இருக்கும். ஏறுகிறவர்கள் கொடியை நடுவில் பிடித்து இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள். "இழு" என்று கத்தினால் மேலே பிடிமுத்து கொடியைச் சுருட்டுவான். "தளர்த்து" என்று கத்தினால் கீழே ஆமையார் லேசாக எழுந்து கொடுப்பார். இந்த இரண்டு சொல்லும் காதில் விழுந்தால் போதும், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது.

ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் தொத்தன் என்கிற குரங்கு. மற்றவள் சிலம்பாயி என்கிற வரையாடு.

சிலம்பாயிக்கு அந்தப் பாறைதான் உயிர். பிறந்த அன்றே செங்குத்தில் நின்றவள் என்ற கர்வமும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. மூக்கு வரைக்கும் தனக்குக் கொடியே தேவையில்லை என்பாள். மூக்கில் மட்டும் அவள் குளம்புக்கும் பிடி கிடைக்காது. அதனால் அங்கே வாயை மூடிக்கொண்டு கொடியை நம்புவாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு நாய் கிடைத்தது. யாரோ ஓர் இடையரின் மந்தையிலிருந்து வழி தவறி வந்த செந்நிற நாய், பெயர் செவலையன். ஆட்டைக் கண்டால் காவல் காப்பது அவன் பழக்கம். சிலம்பாயியைக் கண்டான், அவள் காலடியில் படுத்தான், அதோடு சரி. அவள் மேயப் போனால் பின்னாலேயே போவான், அவள் தூங்கினால் விழித்திருப்பான். சிலம்பாயிக்கு இந்தப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. காட்டில் வேறு எந்த ஆட்டுக்கு இப்படி ஒரு நாய் இருக்கிறது, சொல்லுங்கள்?

அடுத்த முறை பாறை ஏறப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆமையார் நாயைப் பார்த்தார். நாயும் ஆமையாரைப் பார்த்தது. ஆமையார் தலையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க அண்ணே, அவன் ஒண்ணும் செய்ய மாட்டான்" என்றாள் சிலம்பாயி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் செவலையன், பிடிமுத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த முட்டைகளைத் தின்றுவிட்டான். பசியில் தின்றுவிட்டான் பாவம் என்றாள் அவள். ஓடையில் விழுந்து புரண்டு வந்து தொத்தன்மேல் சேற்றை உதறினான். விளையாட்டுப் பிள்ளை என்றாள். ஆமையார் தலையை நீட்டும்போதெல்லாம் ஓடி வந்து முகம் முழுக்க நக்கினான். அவனுக்கு உங்களை ரொம்பப் பிடித்துவிட்டது என்றாள். ஆமையார் அன்று முழுவதும் ஓட்டுக்குள்ளேயே இருந்தார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. செவலையன் எதற்கோ ஒரு தடவை "வள்" என்று குரைத்தான். பாறையும் "வள்" என்றது. எதிரொலி என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பாறைக்குள் இன்னொரு நாய் இருக்கிறது, அது நம்மை எதிர்த்துப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டான். திருப்பிக் குரைத்தான். அதுவும் குரைத்தது. கடைசிக் குரைப்பு தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று இவன் நினைக்க, பாறையும் அதையே நினைத்தது போலிருக்கிறது. பொழுது சாயும்வரை சண்டை ஓயவில்லை.

அந்தச் சத்தத்தில், மூக்குக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த தொத்தன் "இழு, இழு" என்று கத்தியது பிடிமுத்துவின் காதில் விழவே இல்லை. வால் மரத்துப்போகும்வரை தொங்கினான். இறங்கி வந்தபோது அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே.

"அடுத்த தடவை அவனை வீட்டுலயே விட்டுட்டு வா" என்றான்.

ஆமையாரும் ஓட்டுக்குள்ளிருந்து அதையேதான் சொன்னார். சிலம்பாயிக்கு முகம் சிவந்துவிட்டது. தனக்கு ஒரு நாய் இருக்கிறதே என்ற பொறாமையில் பேசுகிறார்கள் என்று நினைத்தாள்.

"நான் இல்லாம அவனால இருக்க முடியாது. எல்லாரும் கேட்டுக்கங்க. என் நாய் இனிமே ஏதாவது தப்புப் பண்ணினா, இந்தப் பாறையில நான் குளம்பு வைக்க மாட்டேன்" என்றாள்.

பாறை இல்லாமல் அவள் எப்படி இருப்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது, இனி என்ன செய்ய?

அதனால் அடுத்த முறை அவள் மிகவும் முன்னேற்பாடாகத்தான் வந்தாள். செவலையனை ஒரு புதர்ச்செடியோடு சேர்த்துக் கட்டினாள். "இங்கேயே இரு, சத்தம் போடாதே, இதோ வந்துடுவேன்" என்று அவன் நெற்றியை முட்டிக் கொஞ்சினாள். செவலையன் வாலை ஆட்டினான். அவன் சத்தமே போடவில்லை. அவள் பெருமையோடு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

பிடிமுத்து ஏறினான், வெடிப்பில் அடைத்துக்கொண்டான். தொத்தன் ஏறினான், பழம் தின்னத் தொடங்கினான். பிறகு சிலம்பாயி கொடியைக் கட்டிக்கொண்டு ஏறினாள். மூக்கை அடைந்தாள். முன்னங்கால் இரண்டையும் மூக்கின் மேலே வைத்து, தலையை மேலே கொண்டுபோனாள். பாதி உடம்பு மேலே, பாதி கீழே. அந்த இடத்தில்தான் எப்போதும் கொடியை நம்பவேண்டும்.

கொடி கீழே இழுத்தது.

முதலில் ஆமையார்தான் ஏதோ செய்கிறார் என்று நினைத்து, "தளர்த்துங்கண்ணே" என்று கத்தினாள். இன்னும் பலமாக இழுத்தது. ஒரு குளம்பு வழுக்கியது. தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். கட்டிவைத்த செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து, அதை முதுகுக்குப் பின்னால் இழுத்தபடி, கொடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நான்கு காலையும் ஊன்றிப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தான் அவளுடைய செவலையன். ஆமையார் தலையை உள்ளே வைத்துக்கொண்டு, "மேலே என்னம்மா நடக்குது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"செவலையா" என்று அவள் அலறினாள்.

அவள் கூப்பிட்டதும் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தான். அவள் கத்தக் கத்த அவன் இழுத்தான். உட்காரச் சொன்னாள், வீட்டுக்குப் போகச் சொன்னாள், திட்டினாள், கெஞ்சினாள். அவன் காதில் விழுந்ததெல்லாம் அவளுடைய நடுங்குகிற குரல் மட்டும்தான்.

மேலிருந்து பிடிமுத்துவின் குரல் வந்தது. "என் பிடி விடாது. கொடி பாறை விளிம்புல உரசி நார்நாராப் பிரியுது. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

சிலம்பாயிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பாறையைக் கண்டு பயம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். செவலையன் கொடியை விடவேண்டுமென்றால் வாயைத் திறக்கவேண்டும். எதைக் கேட்டால் அவன் கட்டாயம் வாயைத் திறப்பான்? எதைக் கேட்டால் அவனால் சும்மா இருக்கவே முடியாது?

"தொத்தா" என்றாள் மெல்லிய குரலில், "கொஞ்சம் குரைக்கிறியா?"

"எனக்கு வராது" என்றான் தொத்தன். மேலே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவனுக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான், ஆனாலும் போன தடவை மரத்துப்போன வாலை அவன் மறக்கவில்லை. "உன் நாய்தானே. நீயே குரை."

வரையாட்டுக் குலத்தில் பிறந்தவள், செங்குத்தில் நின்றவள், கொடியே வேண்டாம் என்றவள். அவளைப் போய்க் குரைக்கச் சொன்னால்? கொடியில் இன்னொரு நார் பட்டென்று அறுந்தது. சிலம்பாயி வாயைத் திறந்தாள். முதலில் வந்தது குரைப்பும் இல்லை, ஆட்டுக் கத்தலும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெட்கத்தை விட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மறுபடி முயன்றாள்.

"வள்."

"வள்" என்றது பாறை.

செவலையனின் காதுகள் எழுந்தன. அந்தப் பழைய எதிரி திரும்பி வந்துவிட்டான். போன தடவை கடைசியாகக் குரைத்தவன் அவன்தான். இதை விடலாமா? கொடியை விட்டான், வாயைத் திறந்தான், அன்று பாக்கியிருந்ததெல்லாம் சேர்த்துக் குரைத்தான். அதே நேரத்தில் பிடிமுத்து ஒரே சுருட்டாகச் சுருட்ட, சிலம்பாயி மூக்கின் மேலே போய் விழுந்தாள். தொத்தன் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்து பழம் கொட்டியது.

சிலம்பாயி சிரிக்கவில்லை. கொடியில் நார் பிரிந்த இடத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள். செவலையன் செடியையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்து அவள் முகத்தை நக்கினான். ஏதோ பெரிய காரியம் செய்து முடித்தவனைப் போல் இருந்தான்.

"ஏண்டா என்னை இழுத்தே?" என்று கேட்டாள்.

"பாறை உன்னை முழுங்கிச்சு. முதல்ல தலையை முழுங்கிச்சு. போன தடவையும் முழுங்கிச்சு, அப்ப நான் குரைச்சுக்கிட்டே இருந்துட்டேன். இந்தத் தடவை விடலை" என்றான் செவலையன்.

சிலம்பாயி அவனோடு இழுபட்டு வந்த செடியை அவிழ்த்துவிட்டாள். "உனக்கு இந்த இடம் பிடிக்குமா?"

செவலையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவனிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"பிடிக்காது. நீ கூப்பிட்டே, வந்தேன்."

"பின்னே எந்த இடம் பிடிக்கும்?"

"ஆத்து மணல். அங்கே நீ எவ்வளவு தூரம் ஓடினாலும் கண்ணுக்குத் தெரிவே."

அவன் இல்லாமல் இருக்க முடியாதது தனக்குத்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இடுப்புக் கொடியை அவிழ்த்து ஆமையாரின் முன்னால் வைத்தாள். "சொன்ன சொல் சொன்னதுதான். இனிமே நான் வரலை அண்ணே" என்றாள். அவள் கண் பாறையின் பக்கம் போகாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

ஆமையார் மெதுவாகத் தலையை நீட்டினார். நாய் நக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"உன் நாய் தப்புப் பண்ணினாத்தானே வரமாட்டேன்னே? அவன் என்னம்மா தப்புப் பண்ணினான்? நீ கூப்பிட்டா வந்தான், உனக்கு ஆபத்துன்னா இழுத்தான். எந்த நாயும் அதைத்தான் செய்யும். தப்பெல்லாம் உன்னோடது. அதுக்கு நீ சபதம் எதுவும் போடலை." கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி சொன்னார். "ஆனா தண்டனை உண்டு. அடுத்த தடவை என் இடத்துல நீ உட்காரணும்."

அப்படியே அடுத்த முறை செவலையன் ஆற்று மணலில் நீர்நாய்களைத் துரத்திக்கொண்டிருக்க, சிலம்பாயி பாறையடியில் கொடியின் நுனிமேல் படுத்திருந்தாள். ஆமையார் பக்கத்தில் நிம்மதியாக வெயில் காய்ந்தார். பிடிமுத்து ஏறினான். மூக்கு வரைக்கும் தெரிந்தான். அதற்கு மேல் தலை மறைந்தது, முதுகு மறைந்தது, கடைசியில் வாலும் மறைந்தது. வெறும் பாறை நின்றது.

எத்தனையோ முறை அந்த மூக்கைத் தாண்டியவள்தான், ஆனாலும் கீழேயிருந்து பார்ப்பது இப்படி இருக்கும் என்று சிலம்பாயிக்குத் தெரியாது. வாய் தானாகவே கொடியைக் கவ்வப் போனது. சட்டென்று மூடிக்கொண்டு, ஆமையார் பார்த்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆமையார் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அந்த நேரத்தில் தொத்தன் வந்து சேர்ந்தான், வாயெல்லாம் பல்லாக. அவன் பின்னால் ஒரு யானைக்குட்டி வந்தது. வந்ததும் வராததுமாக ஆமையாரைத் தும்பிக்கையால் ஒரு தடவை உருட்டிப் பார்த்தது. பிறகு தொங்குகிற கொடியைப் பார்த்தது. அதன் கண்ணில் ஒரு மினுமினுப்பு வந்தது.

"எனக்குப் புதுசாக் கிடைச்ச தோழன்" என்றான் தொத்தன். "நான் இல்லாம இருக்கவே மாட்டான். ரொம்பச் சாது. ஒண்ணும் செய்ய மாட்டான்."

சிலம்பாயி எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வள்" என்றாள்.

பாறையும் அதையே சொன்னது.

நீதி: நமக்குப் பிரியமானவரை நமக்குப் பிடித்த இடத்துக்கு அழைத்துப் போகுமுன், அந்த இடம் அவருக்கும் பிடிக்குமா என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.