உபதேசியார் வீட்டு முள்

குளத்தங்கரை மருதமரத்தடியில் ஞாயிறுதோறும் மிருகங்களும் பறவைகளும் ஆராதனைக்குக் கூடும். மாசிலாமணி என்ற கழுதைதான் அந்தச் சபைக்கு உபதேசியார். பாட்டு எடுத்துக் கொடுப்பார், பிரசங்கம் செய்வார். பிரசங்கம் முடிந்ததும், "விண்ணப்பம் உள்ளவங்க சொல்லலாம்" என்பார். ஒவ்வொன்றும் எழுந்து தன் குறையைச் சொல்லும். அவர் எல்லாவற்றையும் சேர்த்து, கண்ணை மூடி ஜெபிப்பார். வாரநாட்களில் வீடு வீடாகப் போயும் ஜெபிப்பார்.

உபதேசியார் வீட்டுக்கு மட்டும் யாரும் போவதில்லை. கூப்பிடாமல் போவது மரியாதை இல்லை என்பது அந்தச் சபையின் வழக்கம். அவரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

ஒரு கோடையில் அவர் மனைவி அன்னபாக்கியத்தின் முன்னங்காலில் உடைமரத்து முள் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. மாசிலாமணி பல்லால் பிடித்து இழுக்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய பல்லுக்கு அந்தச் சின்ன முள் அகப்படவில்லை. குளம்பால் நெம்பிப் பார்த்தார். அவள் அலறிவிட்டாள்.

"ஏங்க, கொக்கைக் கூப்பிடுங்க. ஒரே கொத்துல எடுத்துடும்!"

"நாளைக்குப் பாக்கலாம்" என்றார் அவர்.

காரணம் நரிதான். ஆமைக்குக் காய்ச்சல் கண்டபோது, "வீட்டுல நோய்னா உள்ளே ஏதோ பாவம் இருக்கு!" என்று அது சபை நடுவிலேயே சொல்லியிருந்தது. அன்றைக்குப் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். யார் யார் ஆட்டினார்கள் என்பதுகூட மாசிலாமணிக்கு மறக்கவில்லை. 'என் வீட்டு விஷயம் வெளியே போனால் இந்த நரி என்ன பேசும்! அப்புறம் என் பிரசங்கத்தை எவன் கேட்பான்!' என்று நினைத்தார்.

ஞாயிறு வந்தது. கொக்கு கேட்டது: "அம்மாவைக் காணோமே, ஐயா?"

"தூரமா மேய்ச்சலுக்குப் போயிருக்கா. சுகமாத்தான் இருக்கா!"

அந்த வாரம் கொக்கின் குஞ்சுக்குச் சளி. மாசிலாமணி போய் ஜெபித்தார். ஜெபத்தின் நடுவே ஒரு கண்ணைத் திறந்து கொக்கின் அலகைப் பார்த்தார். எவ்வளவு நீளம்! எவ்வளவு கூர்மை! வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு ஆமென் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தார். "அணிலுக்கு வால் சுளுக்கினா நான் ஓடணும். குரங்குக்குத் தலைவலின்னா நான் ஓடணும். என் வாசலை ஒருத்தர் எட்டிப் பார்த்ததுண்டா?" கழுதை அசைபோடாது என்பார்கள். இவர் அந்த வருத்தத்தை இரவும் பகலும் அசைபோட்டார்.

கால் வீங்கியது. சீழ் வைத்தது. அடுத்த ஞாயிறு அன்னபாக்கியம் எழுந்திருக்கவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை.

"போயிட்டு வாங்க. சபை காத்திருக்கும்" என்றாள்.

அன்று என்ன பிரசங்கித்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. வழக்கம்போல விண்ணப்பம் கேட்டார். குரங்கு எழுந்தது. "ஐயா, திரும்பவும் தலைவலி." அணில் எழுந்தது. "ஐயா, நல்ல பழம் கிடைக்கணும்."

"வேற யாருக்காவது உண்டா?"

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஆனால் ஜெபம் தொடங்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் உபதேசியார் கண்ணை மூடாமல் கொக்கின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு உண்டு" என்றார். "அன்னபாக்கியம் சாகக் கிடக்கா. கால்ல முள்."

நரி துள்ளி எழுந்தது. "கேட்டீங்களா! ஊருக்கு உபதேசம், வீட்டுல வியாதி! என்ன பாவமோ!"

"உன் வாலெல்லாம் உண்ணி மொய்க்குதே, அது எந்தப் பாவத்துக்கு? உட்காரு!" என்றது குரங்கு.

நரி உட்கார்ந்தது. மாசிலாமணிக்கோ அடக்கிவைத்ததெல்லாம் பொங்கியது. "உங்க எல்லார் வீட்டுக்கும் நான் வந்தேன்! என் வீட்டுக்கு ஒருத்தர் வந்தீங்களா?"

"ஐயா, மன்னிக்கணும்" என்றது கொக்கு. "போன ஞாயிறு நான் கேட்டேனே! சுகமா இருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாசிலாமணி வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"முதல்ல ஜெபம் பண்ணிட்டு..." என்று ஆமை தொடங்கியது.

"போற வழியில பண்ணலாம்!" என்று கொக்கு பறந்தது. சபை முழுவதும் பின்னாலேயே ஓடியது.

குரங்கு காலைப் பிடித்துக்கொண்டது. கொக்கு குனிந்து ஒரே கொத்தில் முள்ளை வெளியே எடுத்தது. அணில் வாய் வாயாகத் தண்ணீர் கொண்டுவந்து புண்ணைக் கழுவியது. ஆமை வந்து சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. அது ஜெபத்தை மட்டும் முழுதாகச் செய்தது. தங்கள் உபதேசியாருக்காக அந்தச் சபை ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

உயிர் தப்பியது. ஆனால் நாள் கடந்ததால் நரம்பு கெட்டுப்போயிருந்தது. கால் நேராகவே இல்லை. மாசிலாமணி அதன் பிறகும் உபதேசியாராகவே இருந்தார். பிரசங்கத்தைக் கேட்க முன்னைவிடக் கூட்டம் அதிகம் வந்தது. நரியோடு பேச மட்டும் அவருக்கு அடுத்த மழைக்காலம்வரை மனம் வரவில்லை.

ஒருநாள் நொண்டிக்கொண்டே வந்த அன்னபாக்கியம் சொன்னாள்: "முதல் நாளே சொல்லியிருந்தா, இன்னைக்கு நான் ஓடியிருப்பேங்க."

அவர் அவள் நடைக்கு ஏற்பத் தன் நடையை மெதுவாக்கிக்கொண்டார்.

சபையின் பாரத்தைச் சுமக்கிறவன் தன் பாரத்தைச் சொல்ல வெட்கப்பட்டால், அந்த வெட்கத்துக்கு அவன் வீட்டாரே நோவு அனுபவிப்பார்கள்.