நடுத்தாழை

அரசன் கதைதான் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது ஒரு மணல்மேட்டின் கதை. வெகுகாலத்துக்கு முன்பு அடம்பந்துறை என்று ஒரு கடலோர ஊர் இருந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே பனை உயரத்துக்கு ஒரு மணல்மேடு படுத்திருந்தது.

மேட்டின் அடிவாரத்தில் அடம்பங்கொடி. இடுப்பில் இராவணன் மீசை என்னும் முள்ளுப்புல். உச்சியில் மூன்று தாழம்புதர். தூரக் கடலிலிருந்து வருபவர்கள் மூன்று தாழையையும் எண்ணிவிட்டுத்தான் பாயை இறக்குவார்கள். மேட்டின்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. கரைக்குப் போவதானால் தெற்கே சுற்றித்தான் போக வேண்டும்.

அந்த ஊரில் மீன் உலர்த்திப் பிழைத்தவள் நீலாயி. அவள் கணவன் சங்கன் தோணியில் கருவாடு ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போனான். மாசியில் வருகிறேன் என்றான். மாசி வந்தது, பங்குனி வந்தது, சித்திரையும் வந்தது. சங்கன் வரவில்லை.

நீலாயிக்குக் கை வேலையில் இருக்கும், காது கடலில் இருக்கும். தோணி வரும் சத்தம் கேட்டதுபோல் தோன்றும். போட்டது போட்டபடி தெற்கே சுற்றி ஓடுவாள். அங்கே வெறும் அலைதான். திரும்பி வருவதற்குள் பாதி மீனைக் காக்கை கொண்டுபோயிருக்கும். பாவம், அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்தபடி கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர்த்தலைவர் கூத்தனாரிடம் போனாள்.

“மாமா, என் வாசலுக்கு நேரா இருக்கற கொடியை மட்டும் எடுத்துக்கட்டுமா?”

“கொடிதானே தாயி, எடுத்துக்கோ” என்றார்.

கூத்தனார் நல்லவர். யார் கண்ணீரையும் பார்க்கத் தாங்காத நல்லவர். ஊரைக் கெடுக்க அது போதாதா?

கொடி போனதும் காற்று மணலை அள்ளியது. மேடு ஆள் உயரம் தாழ்ந்தது, ஆனாலும் கடல் தெரியவில்லை. மறுபடி போனாள். “புல்லுதானே தாயி” என்றார். புல் போனதும் இடுப்பு சரிந்தது. வானத்தின் அடியில் நூல் அளவு நீலம் தெரிந்தது. நூல் அளவு பார்த்தவளுக்கு மனசு அடங்குமா? மூன்றாம் முறையும் போனாள்.

“நடுத்தாழை ஒண்ணுதான் மறைக்குது மாமா.”

கூத்தனார் இம்முறை கொஞ்சம் யோசித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். “ஒண்ணுதானே தாயி.”

நடுத்தாழை விழுந்தது. வாசல் அகலத்துக்குக் கடல் திறந்தது. நீலாயி அன்று அழுதாள், சிரித்தாள், ஒரு மீனும் உலர்த்தவில்லை. கடலுக்கு ஆள் அனுப்பிய மற்றப் பெண்களும் வந்து அவள் வாசலில் உட்கார்ந்தார்கள். அந்த ஏக்கம் எல்லோருக்கும் இருந்தது, அதனால்தான் ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

ஆவணியில் ஒரு மூட்டமான நாள். தூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. பாதி வெள்ளை, பாதி பழுப்பு, ஒட்டுப்போட்ட பாய். கரையை நோக்கி வந்தது. சற்றுத் தயங்கி நின்றது. பிறகு தெற்கே திரும்பி மறைந்தது. சங்கனுடையது முழு வெள்ளைப் பாய். யாரோ வழி தவறியவர் என்று நீலாயி பெருமூச்சு விட்டாள்.

ஐப்பசியில் புயல் வந்தது. மேடு நின்ற இடத்திலெல்லாம் கடல் முட்டிப் பார்த்துத் திரும்பியது. வழி இருந்த இடத்தில் உள்ளே வந்தது. முதலில் நீலாயியின் குடிசை போனது, அடுத்து ஏழு குடிசைகள் போயின. ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு உப்பானது. சனங்கள் மிச்ச மேட்டில் ஏறி, தாழை வேரைப் பிடித்து உயிர் பிழைத்தார்கள்.

விடிந்ததும் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்து வீட்டுக் குழந்தை கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பிவிட்டு அழுததை அவள் பார்த்தாள்.

“நான் திறந்ததை நானே அடைக்கிறேன் மாமா.”

“அடைச்சா உனக்குக் கடல் தெரியாதே தாயி” என்றார் கூத்தனார். பாருங்கள், அப்போதும் அவருக்கு இரக்கம்!

“தெரிய வேணாம்” என்றாள்.

பழைய இடத்திலேயே குடிசையை எழுப்பிக்கொண்டு, திறப்பின் குறுக்கே பனைமட்டைகளை வரிசையாக நட்டாள். காற்று கொண்டுவந்த மணல் மட்டைகளில் தங்கியது. மட்டை மூழ்க மூழ்க அதன்மேல் மறுபடி நட்டாள். முதல் வருஷம் கொடி வைத்தாள், இரண்டாம் வருஷம் புல் வைத்தாள். வாசல் அளவு இருந்த கடல் முழமாயிற்று, முழம் நூலாயிற்று. மூன்றாம் வருஷம் தாழங்கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நூலையே பார்த்து நின்றாள். இனி அவர் வந்தாலும் எனக்குத் தெரியாதே என்று நெஞ்சு வெடித்தது. கன்றை நட்டுவிட்டு இறங்கினாள்.

அதன்பின் வந்த புயல்கள் மேட்டோடு திரும்பிப் போயின. நடுத்தாழை மற்ற இரண்டோடு சமமாக வளர்ந்த வருஷம், ஒரு நண்பகலில், நரைத்த தாடியோடு ஒருவன் அவள் வாசலில் வந்து நின்றான். சங்கன்.

“இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“தீவுல பாய் கிழிஞ்சு போச்சு புள்ளே. ஒட்டுப்போட்டு அந்த ஆவணியிலேயே வந்தேன். ரெண்டு தாழைதான் தெரிஞ்சுது. நம்ம ஊர் இல்லேன்னு தெற்கே போயிட்டேன். அங்கே தோணி உடைஞ்சு, கண்காணாத சீமையில கூலியாக் கிடந்தேன். இப்பத்தான் இந்தப் பக்கம் வர ஒரு தோணி கிடைச்சுது. மூணு தாழையும் தெரிஞ்சுது, இறங்கிட்டேன்.”

நீலாயி திரும்பி மேட்டின் உச்சியைப் பார்த்தாள்.

“பாதி வெள்ளை, பாதி பழுப்பா?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

“வாசல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்று சொல்லி, அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து அழுதாள்.

கேட்டவர்கள் மனதில் வையுங்கள்: தன் ஏக்கம் தீரக் கரையின் காவலை அழிப்பவர், ஊரை இழப்பதோடு, ஏங்கிக் காத்திருந்ததையும் சேர்த்தே இழப்பார்.