அம்பிரி முணுமுணுத்த சொல்

பீரங்கியும் வெள்ளைக்காரரும் நம் சீமைக்கு வந்த புதிதில், முன்கோபக்கார ராஜா ஒருவர் இருந்தார். அவரிடம் அம்பிரி என்ற இங்கிலீஷ் பீரங்கிக்காரன் வெகுகாலமாகச் சேவகம் பார்த்துக் கிழவனாகிவிட்டான். பகலில் சோற்று இலையை வாங்கும்போதெல்லாம் அவன் "பிரெம்ட்" என்று முணுமுணுப்பான்.

ராஜாவுக்கு வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி வேதகிரிக்கு அரண்மனை விகடன் உலகளந்தானைக் கண்டாலே ஆகாது. அம்பிரி விகடனின் சிநேகிதன் வேறு. விடுவாரா? சபையில் பற்றவைத்துவிட்டார்.

"மகாப்பிரபு! அது அவன் ஊரிலேயே வழக்கொழிந்த சொல். அந்நியன், விசித்திரமானவன், அடங்காத மிருகம், விரோதி என்று பல அர்த்தம். தங்கள் உப்பைத் தின்றுகொண்டே தங்களை விரோதி என்கிறான்!"

"ஏற்றுங்கள் அவனைக் கப்பலில்!" என்று கத்தினார் ராஜா.

உலகளந்தான் பதறிப்போனான். "பிரபு, அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் மனசில் வேறு அர்த்தம் இருக்கலாமே!"

"இவன் வாயாலேயே கயிறு திரிப்பான்," என்றார் வேதகிரி. "வாய் திறக்காமல் நிரூபிக்கட்டும்."

"அதுவும் சரி. நாளைப் பகலுக்குள் வாய் திறக்காமல் எமக்குப் புரியவை. இல்லையேல் அவன் கப்பலேறுவான்," என்றார் ராஜா.

உலகளந்தான் அம்பிரியைத் தேடிப் போனான். பந்தியில் பக்கத்தில் உட்கார யாரும் சம்மதிக்காததால், யானைக் கொட்டடிக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் கிழவன். அட பாவமே! சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு, இவன் எங்கே சாப்பிடுகிறான் என்று ஒருநாளும் பார்க்கவில்லையே! விகடன் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அந்தச் சொல்லால யாரைச் சொல்றேப்பா?"

"என்னைத்தான். எங்க அம்மா சொல்ற வார்த்தை. சொந்தம் இல்லாத ஆளு."

மறுநாள் பகல், உலகளந்தான் ராஜாவைச் சைகை காட்டி அழைத்துப்போய் அதே கொட்டடிக்குப் பின்னால் இலை போட்டான். வாய் திறக்காமல் பரிமாறினான், திரும்பிப் பாராமல் போய்விட்டான். "இன்னும் கொஞ்சம்" என்று உபசரிக்க ஆளில்லை. ருசி எப்படி என்று கேட்கவும் ஆளில்லை. தூரத்துப் பந்தியின் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாலு கவளத்துக்கு மேல் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பினால், சுவரோரம் அம்பிரி தன் இலையோடு உட்கார்ந்திருக்கிறான்!

"புரிந்ததடா, உலகளந்தா! தினமும் இப்படியா?" என்று எழுந்த ராஜா, கிழவனின் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப்போய்த் தம் பக்கத்தில் உட்காரவைத்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டார். வேதகிரிக்கு அன்று இலை கொட்டடிக்குப் பின்னால் விழுந்தது.

ராஜாவே கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம்" என்று பாயசம் ஊற்றினார். மறுபடி ஊற்ற வந்தார். அம்பிரி இரண்டு கையாலும் இலையை மறைத்தான். கண்ணைத் துடைக்கக் கையில்லை. "போதும் ராஜா, போதும்!" என்றான். இந்த ஊரில் அவன் அதை முதல்முறையாகச் சொல்ல நேர்ந்தது அன்றுதான். ராஜா விழுந்து விழுந்து சிரித்து, அவன் கையை விலக்கி இன்னொரு கரண்டி ஊற்றினார்.